ஸ்கானில் ஒன்றுமில்லை, ஆனால் கூட்டல் பிழைக்கிறது

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் புறக்கோட்டை மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுபவர். மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடி. ஸ்கானில் இரத்தக்கசிவு இல்லை. இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். "காலையில் பழைய ஆள்தான். இரண்டு மணிக்குப் பிறகு கூட்டல் பிழைக்கிறது, எரிந்து விழுகிறார். முதலாளி சோம்பல் என்கிறார், மாமி நாவூறு என்கிறார். எது சரி?"

இரண்டும் இல்லை.

வேகமாகப் போகும் தலை சட்டென்று நின்றால், உள்ளே இருக்கும் 1.4 கிலோ மென்மையான மூளை உடனே நிற்காது, குலுங்கி முறுகும். அப்போது அதிகம் இழுபடுவது நரம்புக்கலங்களை இணைக்கும் ஆக்சன் என்ற நீண்ட இழைகள். ஒன்றின் தடிப்பு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். ஆக்சனுக்குள் நுண்குழாய்கள் தண்டவாளம் போல ஓடுகின்றன. கைனசின் என்ற புரதம், கலத்தில் செய்த சரக்கைத் தூக்கிக்கொண்டு அதன் மேல் அடியெடுத்து நடக்கிறது. உண்மையாகவே நடக்கிறது, இரண்டு கால்களுடன்! கொத்துரொட்டிக் கடையில் மாவைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் தொட்டு மெல்ல இழுத்தால் மறுபக்கம் தெரியுமளவுக்கு விரியும், வெடுக்கென்று இழுத்தால் கிழியும். நுண்குழாய்களும் அப்படித்தான். தலையை ஆட்டினாலும் குதித்தாலும் ஒன்றையொன்று வழுக்கி நீண்டு, பழைய இடத்துக்கே வந்துவிடும். விபத்தில் அதே நீட்சி சில மில்லிசெக்கனில் வருகிறது. அவற்றைப் பிணைத்திருக்கும் டௌ புரதத்துக்குப் பிடியை விட நேரமில்லை. குழாய் முறிகிறது.

ஆக்சன் அறுந்துபோகவில்லை, உள்ளே தண்டவாளம் மட்டும்தான் போய்விட்டது. வெள்ளவத்தையில் ரயில் பாதை உடைந்தால் கோட்டையிலிருந்து வருவதெல்லாம் பம்பலப்பிட்டியிலேயே தேங்காதா? அதுபோல சரக்கு குவிந்து, சில மணி நேரத்தில் இழை மணிமணியாக வீங்குகிறது. சில வீக்கங்கள் வடிந்துவிடும். சில இழைகள் நாள்கள் கழித்து அந்த இடத்திலேயே அறும். சாதாரண சீ.டி. ஸ்கான் எலும்பையும் இரத்தத்தையும் நன்றாகக் காட்டும். இவ்வளவு நுண்ணிய முறிவு அதன் கண்ணில் படாது.

சரி, இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது? காலி வீதியை மூடினால் பஸ் மரைன் டிரைவால் சுற்றிப் போகும். போய்ச் சேரும், எரிபொருள் கூடச் செலவாகும். தலையில் அடிபட்டவர்களை எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கான்) கருவிக்குள் வைத்துப் பரீட்சித்தபோது, மற்றவர்களைப் போலவே சரியாக விடை சொன்ன பலருக்கும் மூளையில் கூடுதலான பகுதிகள் வேலை செய்வது தெரிந்தது. ஆக, பத்து மணிக் கணக்கு சரியாக வருகிறது, ஆனால் விலை கூட. அதற்கிடையில் ஃபோன் அடிக்கிறது, நாட்டாமிகள் மூட்டையுடன் வழி கேட்டுக் கத்துகிறார்கள். எண்களை மனதில் பிடித்துக்கொண்டே அந்தச் சத்தத்தையும் ஒதுக்கவேண்டும். மத்தியானத்துக்குள் ஆள் களைத்துவிடுகிறார். எரிந்து விழுவதில் பாதி இந்தக் களைப்புத்தான்.

ஆகவே கொஞ்ச நாளைக்கு அரைநாள் வேலை. கடினமான கணக்கு காலையில். களைக்கும் முன்பே பத்து நிமிட ஓய்வு. ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஃபோனை வேறொருவர் எடுக்கட்டும். முதலாளியிடம் கேட்கவேண்டியது சம்பள உயர்வல்ல, சத்தமில்லாத ஒரு மூலை. சில நாடுகளில் இதைப் பேசி ஒழுங்குசெய்ய ஒரு பயிற்சியாளரே வேலைத்தலத்துக்கு வருவார். இலங்கையில் எங்களிடம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளை வேலைக்குச் சேர்க்கும்போது பாகுபாடு கூடாது என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர் அடிபட்டுத் திரும்பினால் எப்படி இடம் கொடுப்பது என்பதையும் அதே தெளிவுடன் எழுதினால் என்ன?

மாமி கட்டிய நூல் கையில் இருந்துவிட்டுப் போகட்டும், சண்டை வேண்டாம். ஆனால் தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அப்புறம், கணக்கு பிழைத்த நாள்களை ஒரு கொப்பியில் குறித்து வருவதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குப் பிழைத்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.