மல்டிடாஸ்கிங்: பல்பணியா, இருகவனமா?

காலையில் நான் ஓடப்போகும் மைதானத்துக்கு அறுபத்தைந்து வயது அண்ணன் ஒருவர் வருவார். கடிகாரம் மாதிரி சீரான ஓட்டம். ஒருநாள் கூடவே ஓடிக்கொண்டு, "இந்த வாரம் மொத்தம் எத்தனை சுற்று அண்ணே?" என்று கேட்டுவிட்டேன். முதலில் அவர் காலடி குறுகியது, அப்புறம் வேகம் குறைந்தது, கடைசியில் நின்றேவிட்டார். "இரு தம்பி... திங்கள் எட்டு, செவ்வாய் வரல, நேத்து பத்து... பதினெட்டு" என்று விரல்விட்டுச் சொல்லிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தார். மூச்சு வாங்கியதால் நிற்கவில்லை, கூட்டிப் பார்க்க நின்றார். பின்னால் வந்த பையன் ஒருவன், "அங்கிளுக்கு மல்டிடாஸ்கிங் வராது" என்று சிரித்தான். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது.

மல்டிடாஸ்கிங் மனிதருக்காகப் பிறந்த சொல்லே அல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினியை ஒட்டி, 1960களின் நடுவில் புழக்கத்துக்கு வந்த சொல். 'மல்டி' லத்தீனில் 'பல'. 'டாஸ்க்' வந்த வழி இன்னும் சுவையானது. மதிப்பிடு, வரி விதி என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 'டாக்ஸ்' அதற்கு உடன்பிறப்பு. காசுக்குப் பதில் உடலுழைப்பாகச் செலுத்த வேண்டிய வரிதான் முதலில் டாஸ்க். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'யும் கூலியில்லாக் கட்டாய உழைப்புதானே! நம் 'வெட்டி வேலை' அதன் மிச்சம் என்பார்கள்.

தமிழில் கணினிக்காரர்கள் இதைப் 'பல்பணி' என்றார்கள். இயந்திரத்துக்குச் சரியான சொல். அன்றைய கணினி ஒரே செயலியை (பிராசசரை) வைத்துக்கொண்டு, இந்த வேலையில் கொஞ்சம், அந்த வேலையில் கொஞ்சம் என்று மின்னல் வேகத்தில் மாறிமாறிச் செய்தது. ஆனால் ஓடுகிற மனிதருக்கு இது பொருந்தாது. ஓடுவதும் கணக்குப் போடுவதும் இரண்டு பணிகள் என்பது வெளியே தெரிவது மட்டும். உள்ளே பங்கு போட்டுக்கொள்ளப்படுவது கவனம்.

இளவயதில் நடையும் ஓட்டமும் பெரும்பாலும் தானாக நடக்கும். தண்டுவடமும் சிறுமூளையும் பார்த்துக்கொள்ளும், மேல்மூளைக்கு வேறு வேலைக்கு இடம் மிச்சமிருக்கும். வயதாக ஆக உள்ளங்காலிலிருந்து வரும் உணர்வு மங்குகிறது, கண்ணும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் தளர்கின்றன. அதனால் ஒவ்வோர் அடியையும் மூளை கொஞ்சம் மேற்பார்வை பார்க்க வேண்டிவருகிறது. அந்த நேரத்தில் கேள்வி ஒன்று வந்தால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்கும். சுவீடனில் முதியோரிடம் நடத்திய ஓர் ஆய்வு 1997இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 58 பேரில் 12 பேர் பதில் சொல்ல நின்றார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். அவர்கள் உதவியோடு வாழ்ந்த முதியோர், எங்கள் அண்ணனோ மைதானத்தில் ஓடுகிறவர். இரண்டையும் ஒன்றாக்கி யாரும் பயப்பட வேண்டாம்.

ஓட்டத்தின் வடிவமும் வயதோடு மாறுகிறது. அதே வேகத்துக்கு மூத்தவர் காலடி நீளத்தைக் குறுக்கி, அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வார். தரையைப் பின்னுக்குத் தள்ளும் வேலையில் பெரும்பங்கு கெண்டைக்கால், கணுக்கால் பக்கம்தான் இருக்கிறது, முதலில் பலம் வற்றுவதும் அங்கேதான். வேகமாகச் சுருங்கும் தசையிழைகள் மற்றவற்றைவிட அதிகம் மெலிகின்றன. குறைவதை இடுப்புத் தசைகள் ஈடுகட்டுகின்றன. மாறிப்போன இந்த ஓட்டத்தின்மேல்தான் கவனச்சுமையும் வந்து ஏறுகிறது.

கனடாவின் எட் விட்லாக் 2003இல், 72 வயதில், மாரத்தானை 2 மணி 59 நிமிடம் 10 நொடியில் ஓடினார். எழுபதைத் தாண்டிய ஒருவர் மூன்று மணிக்குள் முடித்தது அதுவே முதல்முறை. மறுவருடம் 2:54:48. அவர் பயிற்சி செய்த இடம், மில்டன் ஊரில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கல்லறைத் தோட்டம். மணிக்கணக்கில் அதே சின்னச் சுற்று. கவனத்துக்காக அங்கே ஓடினார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிக்னலும் வண்டியும் இல்லாத, எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்கவும் வேண்டாத தடம் அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பல காரியங்களை ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தும் வித்தைக்கு நம்மிடம் பழைய பெயர் உண்டு: அவதானம். எட்டானால் அஷ்டாவதானம், நூறானால் சதாவதானம். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டியவர். 'அவதானம்' வடசொல், மனத்தை ஓரிடத்தில் வைத்தல் என்று பொருள். இலங்கைத் தமிழர் இன்றும் "அவதானமாப் போங்கோ" என்பார்கள். தமிழ்நாட்டில் இதையே தமிழாக்கிக் 'கவனகம்' என்றார்கள், செய்பவர் கவனகர். இந்த மரபு எண்ணுவது பணியை அல்ல, கவனத்தை. நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஆகவே கணினிக்கும் கைப்பேசிக்கும் பல்பணி இருக்கட்டும். ஓடிக்கொண்டே கணக்குப் போடுவது போன்ற நிலைக்கு 'இருகவனம்' என்பேன். அதனால் ஓட்டத்தில் குறைவது 'இருகவன இழப்பு'. தனியாக ஓடும்போது நிமிடத்துக்கு 150 மீட்டர், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே ஓடினால் 135 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 10 சதவீதம். கணக்கில் எத்தனை பிழை என்றும் கூடவே எண்ண வேண்டும். சிலர் ஓட்டத்தைக் காப்பாற்றிக் கணக்கைக் கோட்டைவிடுவார்கள். எங்கள் அண்ணன் ஓட்டத்தை விட்டார், கூட்டல் பிசகவில்லை. சிரித்த பையனிடம் அதே கேள்வியைக் கேட்டேன். நிற்காமல் ஓடிக்கொண்டே, "ஞாபகமில்ல அண்ணா" என்றான்.