நாற்பது சீட்டு, மூன்று முடிவு

பதினோராம் வகுப்பில் தேர்தலைப் பற்றிப் பாடம் நடத்தினால் வாக்குப்பதிவு இயந்திரம், விரல் மை, 18 வயது, பெயர் சேர்க்கும் படிவம் 6 எல்லாம் வந்துவிடும். வாக்கை எப்படி எண்ணுகிறோம் என்பது மட்டும் விட்டுப்போகும். ‘யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார், இதில் என்ன இருக்கிறது’ என்றுதான் மாணவர்கள் கேட்பார்கள். ஆனால் அது பல முறைகளில் ஒன்று. அதே சீட்டுகளை வேறு விதமாக எண்ணினால் வேறொருவர் ஜெயிப்பார். இதை ஒரே பாடவேளையில் மாணவர்களையே செய்து பார்க்க வைக்கலாம்.

ஐந்து ஏ4 தாள் போதும். ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டினால் 40 சீட்டு. கல்விச் சுற்றுலா எங்கே என்பதுதான் தேர்தல்: கன்னியாகுமரி, ஊட்டி, தஞ்சாவூர். எல்லாச் சீட்டிலும் மூன்று பெயரும் ஒரே வரிசையில் இருக்கட்டும். பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும்.

முதல் சுற்றில் மாணவர்களை அவரவர் விருப்பம்போல் எண் போடச் சொல்லாதீர்கள். பல நேரம் எல்லா முறையிலும் ஒரே ஊர் ஜெயித்துவிடும். சொல்ல வந்தது விளங்காது. நீங்களே நிரப்பிக்கொண்டு போங்கள். 16 சீட்டில் கன்னியாகுமரி 1, தஞ்சாவூர் 2, ஊட்டி 3. 14 சீட்டில் ஊட்டி 1, தஞ்சாவூர் 2, கன்னியாகுமரி 3. எட்டில் தஞ்சாவூர் 1, ஊட்டி 2, கன்னியாகுமரி 3. மீதி இரண்டில் தஞ்சாவூர் 1, கன்னியாகுமரி 2, ஊட்டி 3. கலக்கிப் பெட்டியில் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் பலகையில் கோடு போட, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

முதலில் 1 என்ற எண்ணை மட்டும் எண்ணுங்கள். கன்னியாகுமரி 16, ஊட்டி 14, தஞ்சாவூர் 10. கன்னியாகுமரி வென்றது. நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்கள் இப்படித்தான் நடக்கின்றன. இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, கன்னியாகுமரியைக் கடைசியில் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 22 பேர். வகுப்பில் பாதிக்கு மேல்.

அடுத்தது, கடைசி இடத்தில் உள்ளவரை நீக்கும் முறை. தஞ்சாவூரின் 10 சீட்டையும் இரண்டாம் விருப்பப்படி பிரித்தால் எட்டு ஊட்டிக்கும் இரண்டு கன்னியாகுமரிக்கும் போகும். ஊட்டி 22, கன்னியாகுமரி 18. ஊட்டி வென்றது. பெரும்பாலும் தவறு நேர்வது இந்த இடத்தில்தான்: சீட்டு அடுத்த கட்டுக்குப் போகும், பழைய கட்டிலிருந்து கழிக்க மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கூட்டினால் 40 வருகிறதா என்று பார்த்துவிட்டே மேலே போக வேண்டும்.

மூன்றாவது, மதிப்பெண் முறை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் போர்தா முன்வைத்தது. முதல் இடத்துக்கு 2, இரண்டாம் இடத்துக்கு 1, மூன்றாம் இடத்துக்கு 0. தஞ்சாவூர் 50, ஊட்டி 36, கன்னியாகுமரி 34. கூட்டுத்தொகை 120 வந்தால் கணக்கு சரி. முதல் எண்ணிக்கையில் கடைசியாக வந்த ஊர் இப்போது முதலிடத்தில் இருக்கிறது! இரண்டிரண்டு ஊராக மோதவிட்டாலும் தஞ்சாவூர்தான்: கன்னியாகுமரியை 24க்கு 16 என்றும், ஊட்டியை 26க்கு 14 என்றும் வெல்லும்.

அப்போது யாராவது ஒரு மாணவர், ‘தஞ்சாவூரை வேண்டுமென்றே கடைசியில் தள்ளினால்?’ என்று கேட்பார். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான். ஊட்டிக்காரர்கள் 14 பேரும் பேசிவைத்துக்கொண்டு கன்னியாகுமரிக்கு 2, தஞ்சாவூருக்கு 3 என்று மாற்றட்டும். மறுபடி கூட்டினால் கன்னியாகுமரி 48, ஊட்டி 36, தஞ்சாவூர் 36. தங்களுக்கு அறவே பிடிக்காத ஊரை அவர்களே ஜெயிக்க வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் வகுப்பறைக் கணக்கு மட்டுமல்ல. குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இப்படி 1, 2, 3 என்றுதான் குறிப்பார்கள்; ஒவ்வொருவர் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. 1969 தேர்தலில் வெற்றிக்குத் தேவைப்பட்டது 4,18,169 வாக்கு மதிப்பு. வி.வி. கிரிக்கு முதல் விருப்பத்தில் கிடைத்தது 4,01,515. சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. அடுத்த விருப்பங்களையும் சேர்த்து எண்ணிய பிறகுதான் கிரி 4,20,077 பெற்று வென்றார். ரெட்டி 4,05,427 வரை நெருங்கிவிட்டார்.

இலங்கையில் 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை தேவைப்பட்டது. அங்கே மூன்று பேர் வரை விருப்பு வாக்கு குறிக்கலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரே தடவையில் நீக்கிவிடுவார்கள். அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதத்தோடு முன்னிலையில் இருந்தார். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளிலிருந்து அவருக்குச் சேர்ந்தது சுமார் 1,05,000; இரண்டாம் இடத்தில் இருந்த சஜித் பிரேமதாசவுக்குச் சுமார் 1,68,000. முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தவர் மட்டுமே சுமார் 23 லட்சம் வாங்கியிருந்தார் என்பதை வைத்துப் பார்த்தால் இது மிகக் குறைவு. பெரும்பாலோர் ஒருவருக்கு மட்டும் குறித்துவிட்டு வந்திருந்தார்கள். அந்தச் சீட்டுகளுக்கு அடுத்துப் போக இடமில்லை.

இதையும் வகுப்பில் காட்டலாம். தஞ்சாவூர்–ஊட்டி சீட்டு எட்டில் ஐந்தை எடுத்து, 2, 3 இரண்டையும் அழித்துவிட்டு, கடைசி இடத்தில் உள்ளவரை நீக்கும் முறையில் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். கன்னியாகுமரி 18, ஊட்டி 17. ஐந்து சீட்டு ஓரமாகக் கிடக்கும். வெற்றி மாறிவிட்டது, ஜெயித்த ஊருக்கு 40இல் பாதிகூட இல்லை.

இதற்குப் பிறகு மாணவர்களே எண் போடட்டும். இரண்டு ஊருக்கு 1 போட்ட சீட்டு, 1 இல்லாமல் 2, 3 மட்டும் உள்ள சீட்டு கட்டாயம் வரும். எது செல்லும், எது செல்லாது என்பதைப் பெட்டியைத் திறக்கும் முன் பலகையில் எழுதிவிடுங்கள். திறந்தபின் எழுதினால் சண்டைதான்.

எந்த முறைதான் சரி? மூன்று மாணவர்களை நிற்க வையுங்கள். ஒருவருக்கு வரிசை கன்னியாகுமரி, ஊட்டி, தஞ்சாவூர். அடுத்தவருக்கு ஊட்டி, தஞ்சாவூர், கன்னியாகுமரி. மூன்றாமவருக்கு தஞ்சாவூர், கன்னியாகுமரி, ஊட்டி. கன்னியாகுமரி ஊட்டியை வெல்கிறது, ஊட்டி தஞ்சாவூரை வெல்கிறது, தஞ்சாவூர் கன்னியாகுமரியை வெல்கிறது. மூன்று பேரும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள், கூட்டினால் வட்டமாகிறது. பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785இல் கண்டது இது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் போட்டியிடும்போது, நாம் நியாயம் என்று கருதும் சில நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவேற்றும் தரவரிசை முறை கிடையாது என்று 1951இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ நிறுவினார்.

அடுத்த வகுப்புத் தலைவர் தேர்தலுக்கு எந்த முறை என்பதை மாணவர்களே விவாதித்து முடிவு செய்யட்டும். யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.