பதினாறு வயது முதியவர்

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். வெளிநாட்டில் ஓர் உள்ளாட்சி, தன் எல்லைக்குள் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக அச்சிடவிருந்த சிறு கையேடு. உள்ளாட்சி என்னென்ன செய்து தருகிறது என்று ஒரு பட்டியல். அதில் அடுத்தடுத்து மூன்று வரிகள்: பள்ளிப் போக்குவரத்து, இளைஞர் சேவைகள், முதியோர் கல்வி. மூன்றாவது வரிக்குக் கீழே சின்ன எழுத்தில், '16 வயது நிரம்பியவர்கள் சேரலாம்.'

பதினாறு வயதில் முதியோர்! என்றும் பதினாறாக இருக்க வரம் வாங்கிய மார்க்கண்டேயனுக்குத் தெரிந்தால் வரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

இந்த 'முதியோர் கல்வி' எனக்குப் பழைய பகை. வானொலியில் கேட்டிருக்கிறேன், கல்வியியல் பாடக் குறிப்புகளில் பார்த்திருக்கிறேன், கூட்டங்களில் பேசுபவர்கள் வாயில் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

முதலில் மூலச் சொல். முதியோர் கல்வி என்பது ஆங்கிலத்து 'அடல்ட் எஜுகேஷ'னின் தமிழாக்கம். அந்த 'அடல்ட்' லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'அடோலெஸ்கெரே' என்றால் வளர்தல். அதன் முற்றுப்பெற்ற வடிவம் 'அடுல்டுஸ்', அதாவது வளர்ந்து முடிந்தவர். அதே வினையின் நிகழ்கால வடிவத்திலிருந்து வந்தது 'அடோலசென்ட்', அதாவது வளர்ந்துகொண்டிருப்பவர். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். (திருமணத்துக்கு வெளியே உறவு கொள்வதைக் குறிக்கும் 'அடல்டரி'யும் இதே குடும்பம் என்று நினைப்பவர்கள் உண்டு. கிடையாது. அது கலப்படம், கெடுத்தல் என்ற பொருளுள்ள வேறு வினையிலிருந்து வந்தது.) மூலத்தில் நரையும் இல்லை, திரையும் இல்லை, ஊன்றுகோலும் இல்லை. வளர்ச்சி மட்டும்தான் இருக்கிறது.

சரி, எந்த வயதில் ஒருவர் வளர்ந்து முடித்தவர் ஆகிறார்? யுனெஸ்கோ 1976இல் நைரோபியில் ஏற்றுக்கொண்ட பரிந்துரை எந்த எண்ணையும் சொல்லவில்லை. ஒருவர் வாழும் சமூகம் யாரை வளர்ந்தவர் என்று கருதுகிறதோ அவருக்கான கல்வி என்று விட்டுவிட்டது. இந்திய அரசு மட்டும் திட்டத்துக்குத் திட்டம் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தது. 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசியத் திட்டம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஐந்தாண்டில் 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு தருவது அதன் இலக்கு. 1988இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் அதே 15–35ஐத்தான் குறிவைத்தது. கவனியுங்கள், மேல் வரம்பு 35. அறுபது வயதுக்காரர் வந்து உட்கார்ந்தால் யாரும் எழுப்பிவிடப் போவதில்லை. ஆனால் திட்டம் அவருக்காகப் போட்டதல்ல. இதற்குத்தான் தமிழில் முதியோர் கல்வி என்று பெயர் விழுந்தது. யாரைத் திட்டம் தன் இலக்கில் சேர்க்கவில்லையோ அவர் பெயரையே திட்டத்துக்கு வைத்த வேடிக்கை வேறெங்கும் உண்டா? உண்டு, பக்கத்திலேயே. மலையாளத்தில் இது 'வயோஜன வித்யாப்யாசம்'. அங்கே வயோஜனம் என்றால் இன்று வயதானவர்கள்தான். கூட்டாளி இருக்கிறார் என்பதால் குற்றம் குறைந்துவிடாது.

என்னோடு மொழிபெயர்ப்பில் உள்ள நண்பர் ஒருவர் முதியோரை விடாமல் தாங்கிப் பிடிப்பார். அவர் வாதம் இது: 'முது என்றால் கிழம் மட்டும்தானா? முதுகலை படிக்கிறவன் கிழவனா? முதுநிலைப் பட்டம், முதுநிலை விரிவுரையாளர் எல்லாம் இல்லையா? முதிர்ச்சி என்பது பக்குவம். முதியோர் என்றால் பக்குவம் அடைந்தவர்.'

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதுகலையில் முது என்பது கலைக்கு அடைமொழி. அங்கே முதிர்ந்தது படிப்பு, படிப்பவர் அல்ல. முதுவேனில், முதுமொழி, முதுகாடு எல்லாம் அப்படியே. ஆள் மேல் ஏறி உட்கார்ந்தால் அந்த 'முது' வேறு முகம் காட்டும். முதுமகன், முதுமகள், முதியவர், முதியவள்: இதில் எதையாவது இருபத்தைந்து வயதுக்காரருக்குச் சொல்லிப் பாருங்கள். முதிர்ச்சி நல்ல சொல்தான், முதிர்கன்னி ஏச்சு. வேர் ஒன்றாக இருப்பதால் கிளைகளெல்லாம் ஒரே திசையில் வளர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொல்லின் பொருளை வேரில் தோண்டிப் பார்த்து எடுப்பதில்லை. அது எந்தச் சொற்களோடு கூடிப் புழங்குகிறது என்று பார்த்துத்தான் எடுக்கிறோம். முதியோர் இல்லம், முதியோர் உதவித்தொகை, முதியோர் நல மருத்துவம். இந்த வரிசையில் 'முதியோர் கல்வி'யைக் கொண்டுபோய் வையுங்கள். மனத்தில் என்ன படம் வருகிறது? மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிலேட்டைத் தேடும் தாத்தா. பதினெட்டு வயதில் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போன பெண் அந்தப் படத்தில் இல்லை. அறிவிப்பைப் பார்த்துவிட்டு, 'இது நமக்கில்லை, பெரியவங்களுக்கு' என்று அவள் நகர்ந்துவிடுவாள். என் கோபமெல்லாம் இதற்குத்தான். தூய தமிழா இல்லையா என்ற வழக்கே இங்கு இல்லை. முதியோர் சுத்தமான தமிழ்தான். சுத்தமான தமிழில் தப்பான ஆளைக் கூப்பிடுகிறோம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் பெண்கள். கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலை செய்பவர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள் என்று எல்லாரும் சைக்கிள் பழகினார்கள். தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மிதித்துப் போனவர்களை 'முதியோர்' என்று யாராவது கூப்பிட்டிருந்தால் மணியை அடித்துவிட்டு மேலே ஏற்றியிருப்பார்கள். அந்த இயக்கத்துக்கு முதியோர் பெயர் ஒட்டவில்லை. மக்கள் வாயில் அது அறிவொளி வகுப்பு. நல்ல வேளை.

நண்பரின் இரண்டாவது அம்பு, வழக்கு. 'ஐம்பது வருஷமாகப் புழங்கிவிட்டது. இனி மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.' அப்படிப் பார்த்தால் நாம் இன்னும் சர்வகலாசாலையில் படித்து, அக்கிராசனர் தலைமையில் கூட்டம் போட்டு, அபேட்சகருக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பல்கலைக்கழகமும் தலைவரும் வேட்பாளரும் வந்தபோது யாரும் வழி தவறிப் போய்விடவில்லை.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று இருக்கிறது. உண்மையாகவே முதியவர்களுக்கென்று ஒரு கல்வி உண்டு. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்காக 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் அந்த அமைப்பு இருக்கிறது. முதியோர் கல்வி என்ற பெயரை முப்பது வயதுக்காரருக்குக் கொடுத்துவிட்டால், எழுபது வயதில் வரலாறு படிக்க வருபவரின் கல்வியை என்னவென்று சொல்வது? முதுமுதியோர் கல்வி என்றா?

இனி அரசு கையாளும் சொல். தமிழ்நாட்டில் துறையின் பெயர் 'பள்ளி சாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம்'. முதியோரைவிட இது எவ்வளவோ மேல். அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு தரும் 'வயது வந்தோர் வாக்குரிமை'யில் நன்றாகப் பொருந்தும் சொல் இது. அங்கே வயது என்பது சட்டம் போட்ட கோடு. முன்பு 21, 61ஆவது திருத்தத்துக்குப் பிறகு 18. அந்தக் கோட்டுக்கு வந்து சேர்ந்தவர் வயது வந்தவர். கணக்கு சரி. கல்வியில்தான் இடிக்கிறது. திட்டம் 15 வயதிலேயே ஆளைச் சேர்க்கிறது. சட்டமோ 18 வரை அவரை வயது வந்தவர் என்று ஒத்துக்கொள்வதில்லை. அப்புறம், சொன்னால் சிரிப்பீர்கள், 'வயதுக்கு வந்த' என்பதற்கு வீட்டில் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். 'வயது வந்தோருக்கு மட்டும்' என்பதற்குத் திரையரங்க வாசலில் என்ன பொருள் என்றும் தெரியும். வயது வந்தோர் கல்வி என்று பலகை வைத்த வகுப்புக்கு முன்னால் இரண்டு விடலைகள் நமட்டுச் சிரிப்புச் சிரித்தால் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 'வயது' வடசொல், ஆகவே 'அகவை வந்தோர் கல்வி' என்று மாற்றுவோம் என்று ஒருவர் எனக்கு எழுதினார். அகவை எங்கிருந்து வருகிறது, எந்தப் பேருந்தில் வருகிறது என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ, 2022இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தை அறிவித்தபோது ஒன்றிய அரசு 'அடல்ட்' கல்வி என்ற பெயரையே கைவிட்டு, 'எல்லாருக்கும் கல்வி' என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரை எடுத்துக்கொண்டது. 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதவர்கள் அனைவரையும் பழைய சொல் சரியாக உணர்த்தவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஆங்கிலத்தில் எப்படியோ போகட்டும். தமிழில் அதை 'அனைவருக்கும் கல்வி' என்று பெயர்த்தால், அது ஏற்கெனவே இன்னொருவர் வீட்டு முகவரி. 2001 முதல் 6–14 வயதுப் பிள்ளைகளின் பள்ளிக் கல்விக்காக நடந்த இயக்கத்துக்குத் தமிழ்ப் பெயர் அனைவருக்கும் கல்வி இயக்கம்தான். அம்மாவுக்கு வகுப்பு என்று சொல்லி அனுப்பினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

என் ஓட்டு 'வளர்ந்தோர் கல்வி'க்கு. நான் உண்டாக்கிய சொல் இல்லை. இலங்கைத் தமிழில் வளர்ந்தோர் என்பது இந்தப் பொருளில் இயல்பாகவே புழங்குகிறது. மூலச் சொல்லின் பொருளும் அதுவே. நம்மிடம் ஏற்கெனவே 'வளரிளம் பருவம்' இருக்கிறது. மருத்துவர்கள் முதல் பாடநூல்கள் வரை எல்லாரும் ஏற்றுக்கொண்டது. வளரிளம் என்பது வினைத்தொகை, வளர்ந்த, வளர்கின்ற, வளரும் மூன்றும் அதற்குள் அடக்கம். அந்தப் பருவத்தைத் தாண்டியவர் வளர்ந்தோர். லத்தீனில் ஒரே வினையிலிருந்து இரண்டு சொல் கிளைத்தது போலவே தமிழிலும் கிளைக்கிறது. இப்படி ஒரு பொருத்தம் மொழிபெயர்ப்பாளனுக்கு ஆயுளில் நாலைந்து முறைதான் வாய்க்கும்.

'வளர்ந்த நாடுகள் என்கிறோமே, குழம்பாதா?' என்பார்கள். நாடு வேறு, ஆள் வேறு. யாரும் ஜப்பானைக் கொண்டுவந்து வகுப்பில் உட்கார வைக்கப் போவதில்லை. 'வளர்ந்தவர் என்றால் நெட்டையானவரா?' என்று ஒரு கேள்வி. 'வளர்ந்த பிள்ளை இப்படிச் செய்யலாமா?' என்று அம்மா திட்டும்போது யாரும் அளவுகோலைத் தேடுவதில்லை.

கையேட்டின் மற்ற இரண்டு வரிகளையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் போக்குவரத்து என்றால், பிள்ளைகளை அரசு செலவில் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஏற்பாடு என்று நாமாக ஊகிக்க வேண்டும். தமிழில் போக்குவரத்து நெரிசலுக்கும் அதே சொல், பேருந்துக் கழகத்துக்கும் அதே சொல். பள்ளி வாசலில் வண்டிகள் முட்டிக்கொள்வதைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்றே முதலில் படித்தேன். 'மாணவர் பயண வசதி' என்றால் போதும். இளைஞர் சேவைகள் இன்னும் மோசம். யார் யாருக்குச் செய்யும் சேவை? இளைஞர்கள் ஊருக்கு உழைப்பதா, ஊர் இளைஞர்களுக்கு உழைப்பதா? தமிழ்நாட்டு அரசின் துறை 'இளைஞர் நலன்' என்று தெளிவாக வைத்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்வதற்கு என்ன கேடு? ஆங்கிலத்தில் 'சர்வீஸ்' என்று எங்கே பார்த்தாலும் கை தானாகச் 'சேவை' என்று தட்டிவிடுகிறது. கணினி அகராதி முதலில் காட்டும் சொல்லை அப்படியே அள்ளிப் போட்டுவிட்டு, படிப்பவர் பாடு என்று போய்விடுகிறார்கள்.

இதையெல்லாம் நான்கு பக்கம் குறிப்பாக எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அச்சுக்குப் போகும் படி வந்தது. என் குறிப்பைப் படித்திருக்கிறார்கள். முதியோர் என்பதை அடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 'மூத்தோர் கல்வி' என்று இருந்தது. கீழே அதே சின்ன எழுத்தில், 16 வயது நிரம்பியவர்கள் சேரலாம்.