தீம்: பாவிகமா, கருப்பொருளா?

ஆங்கில நாவலைப் பாடமாக வைக்கும் உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் மாணவரை மிகவும் திணறவைக்கும் சொல் 'தீம்'. தீம் பார்க், தீம் மியூசிக் என்று தெருவில் புழங்கும் சொல்தான். இலக்கிய வகுப்பில் மட்டும், ஒரு படைப்பு முழுவதும் உணர்த்தும் கருத்து என்ற பொருளில், அதற்குக் கண்டிப்பு கூடிவிடுகிறது. அதைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்பதே கேள்வி.

'வைத்தல்' எனப் பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த 'தேமா', வைக்கப்பட்டதைக் குறிக்கும் (நம் யாப்பிலக்கணத் தேமாவுக்கும் இதற்கும் உறவில்லை). கருத்தை 'முன்வைக்கிறோம்' என்று நாம் சொல்வதிலும் இருப்பது அதே வைத்தல்தான். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைக்கும் ஒரு காலத்தில் தீம் என்ற பெயர் இருந்தது.

வில்லியம் கோல்டிங் 1954-இல் வெளியிட்ட, இங்கிலாந்துப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பயிலப்படும் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலில், ஆளில்லாத் தீவில் சிக்கிய சிறுவர்கள் சங்கைக் கையில் வைத்திருப்பவனே பேசலாம் என்று விதி செய்துகொள்கிறார்கள்; பின்னர் உருட்டிவிடப்பட்ட பாறை பிக்கி என்ற சிறுவனைக் கொல்லும்போது அவன் கையிலிருந்த சங்கும் சுக்குநூறாகிறது. இங்கே சங்கு குறியீடு, நாகரிகம் பேசுபொருள், 'அச்சம் தலைக்கேறிய கூட்டத்தில் விதி நிலைப்பதில்லை' என்பது தீம். ஒற்றைச் சொல்லையே தீமாக ஏற்கும் பாடநூல்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

தமிழில் பலரும் எழுதுவது 'கருப்பொருள்'. உலக நாள்களுக்கு ஆண்டுதோறும் அறிவிக்கும் தலைப்பைச் செய்தித்தாள்கள் அப்படித்தான் குறிக்கின்றன. ஆனால் தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்பது ஒரு நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை. அந்தக் கணக்கில் கோல்டிங்கின் தீவிலுள்ள மரங்களும் காட்டுப்பன்றியும்தான் கருப்பொருளாகும்! உரிப்பொருளோ புணர்தல், பிரிதல் முதலான அகவொழுக்கங்களுக்கு உரியது; நாவலுக்கு நீட்டினால் இழுபடும்.

மிகப் பொருந்துவது தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் தரும் 'பாவிகம்'. 'பாவிகம் என்பது காப்பியப் பண்பே' என்கிறது அந்நூல். தனிச் செய்யுளில் அன்றி முழுக் காப்பியத்திலும் ஊடுருவி நிற்பது அது. பிறன்மனை விரும்புவோர் சுற்றத்தோடு கெடுவர் என்பதை இராமாயணத்தின் பாவிகமாக உரை காட்டுகிறது. ஒற்றைச் சொல்லாக நில்லாமல், தேர்வுத்தாள் எதிர்பார்ப்பது போலவே முழு வாக்கியமாக அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வடமொழி வழி வந்த சொல் என்று தயங்குவோர் 'மையக்கருத்து' என எழுதலாம். கருப்பொருளைத் திணைக்கே விட்டுவிடலாம்.