கிழிந்த தோளுக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது?

கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்கும்போது உதவுகிற முக்கியமான தசை சுப்ராஸ்பைனேட்டஸ். அதன் நுனியில் உள்ள தசைநாண் மேற்கை எலும்பின் தலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. தோளில் அதிகம் கிழிவது இதுதான்.

ஏன் இது மட்டும்? எலும்பில் ஒட்டும் இடத்திலிருந்து சுமார் 1 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பலவீனமான பகுதி இருப்பதை, பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-இல் எழுதினார். 1970-இல் ராத்பன், மக்னாப் இருவரும் இறந்தவர்களின் தோள் ரத்தக்குழாய்களில் திரவம் செலுத்திப் பார்த்தார்கள். கையைத் தூக்கி வைத்தால் அந்தப் பகுதியில் குழாய்கள் நிரம்பின. உடலோடு ஒட்டித் தொங்கவிட்டால் நிரம்பவில்லை. ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி, எலும்பின் தலை அழுத்தி ரத்தத்தை வெளியேற்றிவிடுகிறது என்றார்கள். 1990-இல் லோர், உத்தாஃப் இன்னொன்றைக் காட்டினார்கள்: தசைநாணின் மேல்பக்கத்தில் குழாய்கள் நிறைய, மூட்டைப் பார்த்த அடிப்பக்கத்தில் மிகக் குறைவு. தசைநாணின் முழுத் தடிமனுக்கும் போகாத அரைகுறைக் கிழிசல்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் தொடங்குகின்றன.

சரி, அப்படியானால் கிழிந்த ஓரம் ரத்தமில்லாமல் செத்துப்போயிருக்கும், ரத்தம் கசியும் வரை வெட்டிவிட்டுத் தைக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அறுவை சிகிச்சையின்போதே லேசர் கருவியால் அளந்தபோது, கிழிசலின் ஓரத்தில் ரத்த ஓட்டம் நன்றாகவே இருந்தது. இந்தத் தகவல் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். தேவையில்லாமல் வெட்டினால் தசைநாண் குட்டையாகும். அதை எலும்புவரை இழுத்துத் தைத்தால் தையல் விறைத்து நிற்கும், மறுபடி பிய்ந்துகொள்ளும். அதனால் நைந்த நூல்களை மட்டும் சீவிவிட்டு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஆறுவதற்கான ரத்தம் பெருமளவு வேறிடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, எலும்பு. தசைநாண் உட்காரப்போகும் இடத்தை மெல்லச் சுரண்டி, பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் போடுவதுண்டு. சிறு துளை வழியே கேமராவை நுழைத்து, மூட்டுக்குள் நீரை ஓடவிட்டுச் செய்யும் அறுவையில், அந்த நீரின் அழுத்தத்தைக் குறைத்ததும், ஒவ்வொரு துளையிலிருந்தும் மஜ்ஜை ரத்தம் கொழுப்புத் துளிகளோடு கசிந்து வருவது திரையில் தெரியும். இன்னொன்று, தசைநாணுக்கு மேலே படர்ந்திருக்கும் பர்சா என்ற மெல்லிய பை. பார்வைக்கு மறைக்கிறது என்று அதை முழுக்க வழித்தெடுத்துவிட்டால், ரத்தம் வரும் ஒரு வழியும் போய்விடும்.

தைத்தபின் ஸ்கேன் செய்து பார்த்தாலும், அந்தப் பர்சாப் பக்கமும் தையல் நூலைப் பிடித்துக்கொள்ள எலும்பில் பதித்த ஆணியைச் சுற்றியும்தான் ரத்த ஓட்டம் அதிகம் தெரிகிறது, தசைநாணுக்குள் குறைவுதான். இவ்வளவு மெல்லிய குழாய்களை நிகோடின் சுருக்கிவிடும் என்பதால்தான், தோள் அறுவைக்கு வருபவரிடம் சிகரெட்டைப் பற்றி மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.