வெப்சைட் போட்டாச்சு, உள்ளே யார் எழுதுவது?

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ஒரு லாட்ஜுக்கோ கல்லூரிக்கோ கோயில் அறக்கட்டளைக்கோ வெப்சைட் வேண்டும் என்று பேச உட்கார்ந்தால், முதல் கேள்வி நிறத்தைப் பற்றித்தான் வரும். அடுத்து, முகப்பில் படம் ஓடுமா? அப்புறம், எவ்வளவு ஆகும்? நாளைக்கு உள்ளே ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் யார் மாற்றுவார், எங்கே போய் மாற்றுவார் என்று கேட்பவர் அபூர்வம். தளம் பாழாவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. கவனிப்பாரற்றுப் போன பல தளங்களைத் திறந்து பார்த்துவிட்டேன். மென்பொருளில் ஒரு கோளாறும் இருக்காது. எந்தத் தகவல் எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் முடிவு பண்ணியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

என்னிடம் வருகிற தளங்களில் பெரும்பாலும் வேர்ட்பிரஸ்தான். 2003 மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் பி2 என்ற பழைய ப்ளாக் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. ஜூம்லா, த்ருபால் என்று வேறு சிலவும் உண்டு. தளத்தின் உள்ளடக்கத்தை எழுத, மாற்ற உதவும் இந்த மாதிரி மென்பொருளைத்தான் சிஎம்எஸ் என்பார்கள். எதை எடுத்தாலும் அது செய்கிற வேலை ஒன்றுதான். நீங்கள் எழுதுவது டேட்டாபேஸில் தனியாக இருக்கும். அது திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தீம் பார்த்துக்கொள்ளும். அதனால் ஒரு தகவலை ஒரே இடத்தில் வைத்து, பத்து இடத்தில் காட்ட முடியும். காசு கொடுத்து வாங்கிய இந்த வசதியைத்தான் பலர் தொடுவதே இல்லை.

ஒரு லாட்ஜ் கதை சொல்கிறேன். குருப்பெயர்ச்சி சமயம். ஆலங்குடிக்கு வருகிற கூட்டத்தில் பாதி கும்பகோணத்தில்தான் தங்கும். வெளியூர்க் குடும்பம் ஒன்று ரிசப்ஷனில் நின்றுகொண்டு, போனைக் காட்டி, “உங்க வெப்சைட்லயே இந்த ரேட்தானே போட்டிருக்கு” என்கிறது. மேனேஜர் எனக்கு போன் போட்டார். “என்ன தம்பி, ரேட்டை அன்னைக்கே மாத்தியாச்சே?”

மாற்றியிருந்தார்கள், அறைகள் பக்கத்தில் மட்டும். பழைய வாடகை முகப்பில் ஓடும் பேனர் படத்திலேயே எழுத்தாக இருந்தது; தமிழ்ப் பக்கத்தில் தனியாக டைப் அடித்திருந்தது; எப்போதோ போட்ட ஆஃபர் பதிவிலும் கிடந்தது. அந்தக் குடும்பம் பார்த்தது இவை எதையும் அல்ல, ஒரு பிடிஎஃப். கட்டண அட்டவணையின் புதிய பிடிஎஃப் ஏற்றப்பட்டிருந்தது, இணைப்பும் மாற்றப்பட்டிருந்தது. ஆனால் பழைய கோப்பை யாரும் மீடியா லைப்ரரியிலிருந்து, அதாவது ஏற்றிய படங்களும் கோப்புகளும் சேரும் இடத்திலிருந்து, அழிக்கவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளி, கல்லூரித் தளங்களில் ஃபீஸ் பட்டியலுக்கும் இதே கதிதான். வேர்ட்பிரஸில் ஏற்றும் கோப்பு, அந்த வருடம், அந்த மாதம் என்ற ஃபோல்டரில் போய் உட்காரும். அதே மாதம் அதே பெயரில் இன்னொன்றை ஏற்றினால் பழையது மாறாது. புதியதன் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் 1 என்ற எண்ணும் ஒட்டிக்கொண்டு தனிக் கோப்பாகும். பக்கத்திலிருந்து இணைப்பை எடுத்தாலும் கோப்பு சர்வரில் அப்படியே இருக்கும். கூகுள் ஏற்கெனவே அதைக் குறித்து வைத்திருந்தால், தேடுகிறவருக்கு நேராக அதையே எடுத்துக் கொடுக்கும். புதியதை ஏற்றுவதோடு வேலை முடியவில்லை. பழையதை மீடியா லைப்ரரியில் தேடி, நிரந்தரமாக அழிக்க வேண்டும். என்னைக் கேட்டால் கட்டணத்தைப் பிடிஎஃப்பாகவே போடக் கூடாது. ஒரு பக்கம், அதில் ஒரு டேபிள். மற்ற எல்லா இடத்திலும் “கட்டணத்துக்கு இங்கே பார்க்கவும்” என்று இணைப்பு மட்டும். தவிர்க்க முடியாமல் நாலு இடத்தில் காட்டியே ஆக வேண்டுமென்றால், வேர்ட்பிரஸில் ஒத்திசைந்த பேட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது. ஒரு இடத்தில் திருத்தினால் போட்ட இடமெல்லாம் மாறும்.

இந்த விஷயம் பெரிய அளவில் புரிந்தது மயிலாடுதுறை மாவட்டம் வந்தபோது. நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து 2020 டிசம்பர் 28 முதல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கோயில்களைத் தொகுத்து வைத்திருந்த ஒரு தளத்தில், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று ஒவ்வொரு கோயில் பதிவுக்குள்ளும் “நாகப்பட்டினம் மாவட்டம்” என்று வாக்கியத்தோடு வாக்கியமாக டைப் அடித்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியதாயிற்று. மாவட்டம் என்பதைப் பதிவுக்கு வெளியே ஒரு தனி வகையாக வைத்திருந்தால், புதிய மாவட்டத்தைச் சேர்த்து, அந்தப் பதிவுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம்.

சரி, வகை பிரிப்பது எப்படி? முதலில் பேஜ், போஸ்ட் வித்தியாசம். எங்களைப் பற்றி, முகவரி, கட்டணம், நடை திறக்கும் நேரம் போன்று எப்போதும் நிற்க வேண்டியவை பேஜ். தேதியோடு வந்து தேதியோடு பழசாகிறவை போஸ்ட். கல்லூரி அட்மிஷன் அறிவிப்பைப் பேஜாகப் போட்டு, அடுத்த வருடம் இன்னொரு பேஜ், அதற்கடுத்து இன்னொன்று என்று மெனு நீண்டுகொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள்.

கேட்டகரி கொஞ்சமாக இருக்க வேண்டும். எந்த அடிப்படையில் பிரிக்கிறோம் என்பதைத் தாளில் எழுதி ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். நவக்கிரகத் தலங்களையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு மாவட்ட வாரியாகப் பிரித்தால் திருநள்ளாறு வெளியே நிற்கும். அது காரைக்கால், புதுச்சேரியைச் சேர்ந்தது. கிரக வாரியாக வைத்தால் ஒன்பதும் அதனதன் இடத்தில் உட்காரும். வருகிற பக்தரும் “சனீஸ்வரன் கோயில் எங்கே” என்றுதான் தேடுவார், மாவட்டத்தைப் பிடித்துக்கொண்டு வரமாட்டார். படிக்கிறவர் எப்படித் தேடுவார் என்பதுதான் அளவுகோல். அலுவலகத்தில் ஃபைல் எப்படிப் பிரித்திருக்கிறது என்பது அல்ல.

டேக், அதாவது பதிவில் ஒட்டும் அடையாளச் சொல், விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தாராள மனசு. ஒரே தளத்தில் மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் தனித்தனி டேக். குடந்தை, கும்பகோணம். தஞ்சை, தஞ்சாவூர். கோயில், கோவில். எழுதுகிறவருக்குத் தகுந்தபடி ஒவ்வொன்று. ஒவ்வொரு டேக்குக்கும் வேர்ட்பிரஸ் தனிப் பட்டியல் பக்கம் திறந்துவிடும், அதில் ஒன்றோ இரண்டோ பதிவு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். மாயவரம் என்று சொடுக்கியவருக்கு மயிலாடுதுறையில் இருக்கிற பதிவு கண்ணிலேயே படாது. எந்த எழுத்து, எந்தப் பெயர் என்று ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மற்ற பெயர்களைப் பதிவுக்குள் ஒரு முறை எழுதினால் தேடுகிறவருக்குக் கிடைத்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே சில தலைவலிகள் உண்டு. நோட்டீஸ், மலர், விளம்பரம் எல்லாம் டிடிபி சென்டரில் தயாராகும். அங்கே பேஜ்மேக்கரில் பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்ததை அப்படியே காப்பி பண்ணித் தளத்தில் ஒட்டினால், “தமிழ்” என்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். ஏனென்றால் அந்த ஃபான்ட்டில் இருப்பது ஆங்கில எழுத்து, தமிழ் முகமூடி மட்டும்தான். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றுகிற கன்வெர்ட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை படித்துப் பாருங்கள். இதற்குச் சோம்பல்பட்டு நோட்டீஸையே படம் பிடித்து ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் படத்துக்குள் இருக்கும் தேதியைத் தளத்தின் தேடல் கண்டுபிடிக்காது; பார்வையற்றவருக்குப் போன் படித்துக் காட்டாது; எழுத்தைப் பெரிதாக்கினால் மங்கும். படம் இருக்கட்டும், அழகுதான். கீழே அதே விஷயத்தை எழுத்தாகவும் அடியுங்கள்.

இன்னொன்று, பதிவின் இணைய முகவரி (யுஆர்எல்). தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே பதிவின் முகவரியாக எடுத்துக்கொள்ளும். அங்கே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். முகவரிக்கு 200 எழுத்துத்தான் வரம்பு, அதனால் 22 குறிகளோடு கத்தரித்துவிடும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக எண்ணப்படும் என்பதை மறக்க வேண்டாம். “திருநாகேஸ்வரம் ராகு பெயர்ச்சி சிறப்பு வழிபாடு” என்று தலைப்பு வைத்துப் பாருங்கள்; முகவரி “பெயர” என்று பாதியில் நிற்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பல நேரம் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழம் நீளத்துக்கு வந்து விழும். பெரியவர்கள் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார்கள். வெளியிடும் முன் முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாக மாற்றிவிடுங்கள். தமிழுக்கு இதனால் ஒரு குறைவும் வந்துவிடாது, தலைப்பு தமிழில்தானே இருக்கிறது. வெளியிட்ட பிறகு மாற்றினால், போஸ்ட்டாக இருந்தால் பழைய முகவரியிலிருந்து வேர்ட்பிரஸே திருப்பி அனுப்பும். பேஜுக்கு அந்தச் சலுகை இல்லை.

நேரத்தையும் பாருங்கள். செட்டிங்ஸில் டைம்ஸோன் கொல்கத்தா என்று மாற்றாமல் உலகப் பொது நேரத்திலேயே விட்டிருந்தால், காலை 6 மணிக்கு வரட்டும் என்று நீங்கள் நேரம் குறித்து வைத்த பதிவு 11.30க்கு வரும். டைம்ஸோன் சரியாக இருந்தும் தாமதமாகிறதா? யாராவது தளத்துக்கு வந்தால்தான் அந்தக் கடிகாரமே விழிக்கும்படி வேர்ட்பிரஸ் அமைந்திருக்கிறது. கூட்டம் குறைவான தளத்தில் தாமதம் சகஜம். தளம் இருக்கும் சர்வரின் ஹோஸ்டிங் பேனலில், குறித்த இடைவெளியில் தானாக ஓடும் க்ரான் வேலை ஒன்று போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், தீர்ந்துவிடும்.

வெளியிடுவதற்கு நேரம் குறிக்க வழி இருக்கிறதே தவிர, எடுப்பதற்கு நேரம் குறிக்க வேர்ட்பிரஸில் இயல்பாக வழியில்லை. அதற்கென்று தனி ப்ளக்இன், அதாவது சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள், வேண்டும். டெல்டாவில் இது விளையாட்டல்ல. ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி “ஆடுதுறை 36, ஆடுதுறை 45 விதை இருப்பு உள்ளது” என்று ஒரு உழவர் குழு போட்ட பதிவு, சம்பா நடவு நடக்கும்போதும் முகப்பிலேயே நிற்கும். வருடமும் போட்டிருக்காது. மன்னார்குடியிலிருந்து ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறி வந்தால், குறுகிய காலக் குறுவை ரகத்தை அப்போது வைத்துக்கொண்டு என்ன செய்வார்? “வரும் வெள்ளிக்கிழமை”, “இந்த ஆண்டு” என்ற சொற்களையே தளத்தில் தடை செய்யலாம் என்பேன். தேதி, மாதம், வருடம் மூன்றும் வேண்டும். திருவையாறு ஆராதனை, பெயர்ச்சி, தேர் என்று வருடா வருடம் தேதி நகரும் விழாக்களுக்கு இது இரட்டிப்பு அவசியம்.

யார் எழுதுவது என்பதற்கு வருகிறேன். ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே அட்மின் லாகின், ஒரே பாஸ்வேர்டு, அதுவும் கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டியிருக்கும். வேலையை விட்டுப் போன பையனிடமும் அது இருக்கும். வேர்ட்பிரஸ் ஐந்து படி வைத்திருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் எல்லாம் செய்யலாம். எடிட்டர் எல்லார் எழுத்தையும் திருத்தி வெளியிடலாம். ஆத்தர் தன் எழுத்தை மட்டும் வெளியிடலாம். கான்ட்ரிபியூட்டர் எழுதி அனுப்பலாம், வெளியிட முடியாது, படமும் ஏற்ற முடியாது. சப்ஸ்கிரைபர் படிக்க மட்டும். கல்லூரியென்றால் துறைக்கு ஒருவர் கான்ட்ரிபியூட்டர், முதல்வர் அலுவலகத்தில் ஒருவர் எடிட்டர், அவர் லீவில் போனால் பார்க்க இன்னொருவர். அவ்வளவு போதும். ஆளுக்கு ஒரு லாகின் இருந்தால் யார் எப்போது என்ன மாற்றினார் என்பது ரிவிஷன்களில், அதாவது சேமித்து வைத்த பழைய வடிவங்களில், தெரியும், பழைய வடிவத்துக்குத் திரும்பவும் முடியும். தவறிப்போய் அழித்த பதிவு 30 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும், பதற வேண்டாம். மீடியா கோப்பு அப்படியல்ல, போனால் போனதுதான்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ உடைத்து இலவசமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அப்டேட் வந்தால், பேக்கப் எடுத்துவிட்டுப் போடுங்கள். இவற்றைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

சொல்லாமல் விடுவது டொமைன். தளத்தின் பெயரைப் பல இடங்களில் டெவலப்பரே தன் மெயிலில், தன் பெயரில் பதிந்து வைத்திருக்கிறார். கெட்ட எண்ணம் இருக்காது, அன்றைக்கு அது சுலபமாக இருந்தது. அவர் சிங்கப்பூர் போய்விட்டால் ரினியூவல் நினைவூட்டல் அவருடைய பழைய மெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கும், காலக்கெடு தாண்டினால் பெயர் வேறு யாருக்கோ போய்விடும். ஆகவே டொமைன் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மெயிலில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த லாகின், ஹோஸ்டிங் லாகின், வேர்ட்பிரஸ் அட்மின் லாகின், டேட்டாபேஸோடு சேர்ந்த முழு பேக்கப் ஒன்று, எந்தத் தகவல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதிய ஒரு தாள் என இந்த ஐந்தையும் மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு லாகினையும் டெவலப்பர் எதிரிலேயே உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள். என்னிடம் வாங்கினாலும் அப்படியே செய்யுங்கள்.