கம்பியில் வந்த வௌவால்

1940இல் வந்த ‘தி டெவில் பேட்’ படத்தை நடிகர் பேலா லுகோசிக்காகத்தான் பார்க்க உட்கார்ந்தேன். அவர் அதில் விஞ்ஞானி. மின்சாரத்தைக் கொண்டு வௌவாலை ராட்சத உருவமாக வளர்க்கிறார். தான் தயாரித்த ஷேவிங் லோஷனின் வாசனை யார் கழுத்தில் வீசுகிறதோ அவர் மேல் பாய அதைப் பழக்குகிறார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிஆர்சி என்ற சின்னக் கம்பெனி குறைந்த காசில் எடுத்த படம். வௌவால் வந்ததும் பயம் போய்விடுகிறது. விரித்த இறக்கை விரித்தபடியே இருக்க, கம்பியில் சறுக்கி வருகிறது ஒரு பொம்மை.

நிஜத்தில் அந்த இறக்கை ஒரு கை. உங்கள் கையை விரித்துப் பாருங்கள். கட்டைவிரல் தவிர மற்ற நான்கும் நீண்டு வளர்ந்து, இடையில் மெல்லிய தோல் படர்ந்து, அது உடம்போடும் காலோடும் ஒட்டியிருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் வௌவாலின் இறக்கை. கீழே அடிக்கும்போது விரல்கள் நன்றாக விரியும். மேலே தூக்கும்போது காற்று தடுக்காதபடி மடங்கிக்கொள்ளும். தோலுக்குள்ளேயே நூல்நூலாகத் தசைகள் இருந்து, அதை இறுக்கிப் பிடிக்கும். அசையாத இறக்கை ஏன் நம் கண்ணை ஏமாற்றவில்லை என்று இப்போது புரியும்.

சரி, வௌவாலை அப்படி வளர்க்கத்தான் முடியுமா? 30 கிராம் வௌவாலை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 4 மடங்கு ஆக்குவோம். இறக்கையின் பரப்பு 16 மடங்காகும். எடையோ 64 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 2 கிலோ. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால் அதுவும் 16 மடங்குதான் கூடும். கீழே விழாமல் பறக்கவே இரண்டு மடங்கு வேகம் வேண்டும். இன்றுள்ள மிகப் பெரிய பழந்தின்னி வௌவால்களுக்கு இறக்கை விரிவு சுமார் ஒன்றரை மீட்டர், எடை சுமார் ஒன்றரைக் கிலோதான்.

வாசனை விஷயத்தில் படம் முழுக்கத் தப்பில்லை. பழந்தின்னிகள் பழுத்த பழத்தை மோப்பத்தால் கண்டுபிடிக்கின்றன. பூச்சி தின்னும் வௌவால்களின் வழி வேறு. நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு இருட்டில் பறக்கின்றன. இந்தப் படம் வந்த அதே காலத்தில்தான் டொனால்ட் கிரிஃபின், ராபர்ட் கலம்போஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹார்வர்டில் இதை நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். அறையில் கம்பிகளை வரிசையாகக் கட்டி, வௌவால்களின் கண்ணை மறைத்துப் பறக்கவிட்டார்கள். அவை லாவகமாக விலகிப் போயின. அப்புறம் காதை அடைத்தார்கள், வாயைக் கட்டினார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் வௌவால்கள் கம்பிகளில் போய் மோதின.